பத்து நாள் குழந்தை, இரண்டு காதிலும் 'ரெஃபர்': காரணம் தேட எந்தப் பரிசோதனை முதலில்?

துளசிமாடம், சாட்ஸ்வர்த்:
வணக்கம். டர்பனில் பிறந்த ஆண் குழந்தை, நிறைமாதம், எடை 3.1 கிலோ. இரண்டாம் நாளும் நேற்றும் எடுத்த ஏ.ஏ.பி.ஆர். சோதனையில் (ஒலிக்கு மூளைத்தண்டு காட்டும் பதிலைத் தானியங்கியாகப் பார்க்கும் முதல்கட்டச் சோதனை) இரண்டு காதுக்கும் 'ரெஃபர்', அதாவது தேறவில்லை, மேல் பரிசோதனை தேவை. இன்று பத்தாம் நாள். கேட்கும் திறனை உறுதி செய்யும் முழு ஏ.பி.ஆர். சோதனைக்கு ஐந்தாம் வாரத்தில்தான் நாள் கிடைத்திருக்கிறது. பெற்றோர் அத்தை மகனும் மாமன் மகளும். குடும்பத்தில் வேறு யாருக்கும் காது கேளாமை இல்லை. பிரசவத்தில் சிக்கல் இல்லை, மஞ்சள் காமாலையும் லேசுதான்.

காது கேளாமை உறுதியான பிறகு காரணம் தேடலாம் என்று ஒருவர் சொல்கிறார். இப்போதே சி.டி. எடுக்கச் சொல்கிறார் இன்னொருவர். உறவில் கட்டியதால் மரபணுச் சோதனை ஒன்றே போதும் என்கிறார் மூன்றாமவர். காசு அளவாகத்தான் இருக்கிறது. வரிசை எப்படிப் போட வேண்டும்?

நீலமலை, பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
ஏ.பி.ஆருக்குக் காத்திருக்க வேண்டாம். நாளைக்கே சிறுநீரில் சி.எம்.வி. (சைட்டோமெகலோ வைரஸ், கருவில் தொற்றினால் காது கேளாமை தரக்கூடியது) இருக்கிறதா என்று பார்க்கும் பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்புங்கள். உங்களுக்கு 11 நாள்தான் இருக்கிறது.

சைட்டோமெகலோ வைரஸ் கருவிலேயே தொற்றியதா, பிறந்த பின் தாய்ப்பால் வழியாகவோ வேறு வழியிலோ வந்ததா என்று பிரித்துச் சொல்லக்கூடியது முதல் 21 நாளில் எடுத்த மாதிரி மட்டும்தான். அதற்குப் பிறகு 'பாசிட்டிவ்' வந்தால் எப்போது தொற்றியது என்று சொல்ல முடியாது. எல்லாக் குழந்தைக்கும் குதிகால் ரத்தம் எடுத்து அட்டையில் சேமிக்கும் நாடுகளில் அந்த அட்டையைத் தேடிப் பின்னால் போய்ப் பார்க்கலாம். இங்கே அப்படி நாடு முழுவதற்குமான திட்டம் கிடையாது. ஆறாம் வாரத் தடுப்பூசிக்கு வரும்போது முதன்முதலாகக் காது பார்க்கும் குழந்தைகளுக்கு இந்த வாசல் அடைபட்டே போகிறது. உங்கள் குழந்தைக்கு இன்னும் திறந்திருக்கிறது.

எடுக்கும் முறை: ஒட்டும் சிறுநீர்ப் பை பிடித்தால் நல்லது. கழன்று விழுந்தால், சுத்தமான பஞ்சு உருண்டைகளை டயப்பருக்குள் வைத்து, நனைந்ததும் ஊசி இல்லாத சிரிஞ்சுக்குள் போட்டு அழுத்துங்கள். 1 முதல் 2 மி.லி. போதும். மலம் கலந்தால் கொட்டிவிட்டு மறுபடி எடுங்கள். உடனே அனுப்ப முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள், உறைய விடாதீர்கள்.

எச்சில் குச்சி சுலபம்தான். ஆனால் பால் குடித்து ஒன்றரை மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தாய்ப்பாலில் உள்ள வைரஸே பொய்யான பாசிட்டிவ் காட்டும். எச்சிலில் பாசிட்டிவ் வந்தால் அந்த 21 நாளுக்குள்ளேயே சிறுநீரில் உறுதி செய்தாக வேண்டும். அதனால்தான் முதலிலேயே சிறுநீர் என்கிறேன்.

குழந்தையின் ரத்தத்தில் ஐ.ஜி.ஜி. பார்த்துக் காசை வீணாக்காதீர்கள். அது தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள். குழந்தையே உண்டாக்கும் எதிர்ப்பொருளான ஐ.ஜி.எம். இல்லை என்பதற்காகத் தொற்றே இல்லை என்றும் சொல்ல முடியாது.

பாசிட்டிவ் என்றால் ரத்த அணு எண்ணிக்கை, கல்லீரல், தலை அல்ட்ராசவுண்ட், கண் பரிசோதனை எல்லாம் உடனே செய்ய வேண்டும். வால்கான்சைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைக் கொடுப்பதென்று குழந்தை மருத்துவர் முடிவு செய்தால் வழக்கமான அளவு கிலோவுக்கு 16 மி.கி., நாளுக்கு இருமுறை, ஆறு மாதம். முதல் மாதத்துக்குள் தொடங்குவதுதான் நல்லது. நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் குறையும் என்பதால் தொடக்கத்தில் வாராவாரம் ரத்தம் பார்க்க வேண்டும்.

கொன்றை, பீனிக்ஸ்:
சி.எம்.வி. முதலில் என்பதில் மாற்றுக் கருத்தே இல்லை. மரபணு பற்றி ஒன்று, இது நம் குடும்பங்களுக்குக் குறிப்பாக.

"தென்னாப்பிரிக்காவில் கனெக்சின் 26 கிடைப்பதில்லை" என்று உங்களிடம் சொல்லப்படலாம். கனெக்சின் 26 புரதத்துக்கான ஜீன் ஜி.ஜே.பி.2, அதில் மாற்றம் இருந்தால் பிறவியிலேயே காது கேளாமல் போகலாம். இங்குள்ள கறுப்பின மக்களிடையே அந்த மாற்றம் மிக அரிது என்பது உண்மைதான். இந்திய வம்சாவளியினருக்கு அது பொருந்தாது. இந்தியாவில் அந்த ஜீனில் அதிகம் காணப்படுவது டபிள்யூ24எக்ஸ் என்ற மாற்றம். ஐரோப்பியரிடம் அதிகம் உள்ளது 35டெல்-ஜி. ஆய்வகம் 35டெல்-ஜி மட்டும் பார்த்து 'இயல்பு' என்று தந்தால் அந்தத் தாளால் தமிழ்க் குடும்பத்துக்குப் பயனில்லை. ஜி.ஜே.பி.2 ஜீனின் குறியீட்டுப் பகுதி முழுவதும் வரிசைப்படுத்தப்படுமா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் அனுப்ப வேண்டும். இதற்கு 21 நாள் கெடு கிடையாது, ஏ.பி.ஆர். முடிந்த பிறகும் அனுப்பலாம்.

அறிக்கையைப் படிப்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. ஒரே ஒரு பிரதியில் மாற்றம் இருந்தால் குழந்தை அதைச் சுமப்பவன், அவ்வளவுதான். அதைக் காரணமென்று எழுதிக் கோப்பை மூடிவிடக் கூடாது. இரண்டு பிரதியிலும் இருந்தால் பெற்றோர் ரத்தத்தையும் பார்த்து உறுதி செய்யுங்கள். அப்படியானால் அடுத்த ஒவ்வொரு கருவுக்கும் காது கேளாமை வரும் வாய்ப்பு நாலில் ஒன்று. குடும்பத்தில் யாருக்கும் இல்லையே என்பது மரபணுக் காரணத்துக்கு எதிரான சாட்சி ஆகாது. ஒடுங்கு பண்பு (இரண்டு பிரதியிலும் மாற்றம் இருந்தால் மட்டுமே வெளிப்படுவது) தலைமுறைகளாக ஒளிந்திருக்கும். ஜி.ஜே.பி.2 சரியாக இருந்தால் அடுத்தது பல ஜீன்களை ஒரே நேரத்தில் பார்க்கும் பேனல் சோதனை. அதுவும் ஒன்றும் காட்டாவிட்டால் 'மரபணு இல்லை' என்று அர்த்தமில்லை.

தாய்வழி உறவில் யாருக்காவது காசநோய் ஊசி, கனாமைசின் அல்லது அமிக்காசின், போட்ட பிறகு காது போயிருக்கிறதா என்றும் விசாரியுங்கள். மைட்டோகாண்ட்ரியாவின் (செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பு) டி.என்.ஏ.வில் வரும் 1555 ஏ→ஜி மாற்றம் தாய்வழியாக மட்டுமே வரும். அது இருப்பவர்களுக்கு அந்த வகை மருந்து சில முறை போட்டாலே கேட்கும் திறன் போய்விடலாம்.

மணிப்புறா, லெனேசியா:
ஒன்று விட்டுப்போயிற்று, அது உயிர் சம்பந்தப்பட்டது. ஈ.சி.ஜி. (இதய மின்பதிவு) எடுங்கள். ஜெர்வெல்-லாங்கே நீல்சன் நோயில் இரு காதும் பிறவியிலேயே கடுமையாகக் கேளாது, ஈ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளி (ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் மின்செயல் தொடங்கி அடங்கும் நேரம்) நீண்டிருக்கும். பின்னாளில் மயக்கம் வரும், அதை வலிப்பு என்று நினைத்துவிடுவார்கள். திடீர் மரணமும் நேரலாம். இதுவும் ஒடுங்கு பண்புதான், உறவுத் திருமணத்தில் கூடுதலாக வரும். செலவு குறைவு, சில நிமிட வேலை, மருந்து உண்டு. முதல் நாட்களில் அளவு சற்றே ஏறி இறங்கும், எல்லைக்கோட்டில் வந்தால் சில வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும்.

சி.டி. இப்போது வேண்டாம். கதிர்வீச்சு ஒரு பக்கம், செவி நரம்பு இருக்கிறதா என்பதை அது நேராகக் காட்டாது என்பது இன்னொரு பக்கம். எம்.ஆர்.ஐ. காட்டும். மூன்று மாதத்துக்குள் என்றால் பால் கொடுத்து, துணியில் இறுகச் சுற்றித் தூங்கவைத்து மயக்க மருந்தில்லாமலே பல குழந்தைகளுக்கு எடுத்துவிடலாம். உள்காதிலுள்ள வெஸ்டிபுலர் நாளம் அகன்றிருந்தால் தலையில் அடிபடாமல் பார்க்க வேண்டும், ஓர் அடியில் மிச்சக் கேட்கும் திறனும் குறையலாம்.

சிறுநீரக அல்ட்ராசவுண்ட் எல்லாருக்கும் தேவையில்லை. காதுக்கு முன்னால் துளையோ கழுத்தில் கசியும் குழியோ இருந்தால் எடுங்கள். கண் மருத்துவரை மட்டும் தவறவிடாதீர்கள்.

துளசிமாடம்:
மிக்க நன்றி. காதருகே துளை எதுவும் இல்லை. நாளை சிறுநீர், ஈ.சி.ஜி. இரண்டும். ஏ.பி.ஆரில் உறுதியானால், இந்த முடிவுகள் வரும்வரை கேட்புக் கருவி பொருத்தாமல் இருக்கலாமா?

நீலமலை:
கூடாது. காரணம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் கருவி பொருத்தும் நாள் தள்ளிப்போகக் கூடாது. ஏ.பி.ஆருக்குப் போகும்போதே கருவிக்கான காது அச்சும் எடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

இன்னொன்று: சிறுநீர்க் குப்பியின் மேலும் விண்ணப்பத்திலும் மாதிரி எடுத்த தேதி, நேரம், அன்று குழந்தையின் வயது எத்தனை நாள் என மூன்றையும் உங்கள் கையாலேயே எழுதுங்கள். ஆய்வகத்தில் பதிவாவது அவர்கள் கைக்கு வந்த தேதியாக இருந்துவிட்டால், 20ஆம் நாள் எடுத்தது 23ஆம் நாள் என்று ஆகிவிடும். குழந்தையின் நலப் பதிவேடான ரோட் டு ஹெல்த் புத்தகத்திலும் அதையே குறித்து வையுங்கள்.