குடும்ப குரூப்: மேடையில லிரிக்ஸ் ஸ்கிரீன்

அருண்: சேகர் மாமா, கவிதாக்கா, யாராவது ஃப்ரீயா? சனிக்கிழமை ஷோ ஓப்பன் ஏர், மொத்தம் 22 பாட்டு. வோக்கலிஸ்ட் வரி பாக்க ஸ்கிரீன் வேணும்கிறார். டேப்லெட்டை மைக் ஸ்டாண்டுல கிளாம்ப் போட்டு மாட்டிடலாமா?

கவிதா அக்கா: உக்காந்து பாடறவருக்கு அது சரி. ராக் ஷோல ஸ்டாண்டைத் தூக்கிட்டுத் திரிவாங்க, டேப்லெட்டும் கூடவே போகும். முகத்தையும் மறைக்கும். நேர் வெயில்ல வச்சா சூடேறி முதல்ல வெளிச்சம் மங்கும், அப்புறம் எச்சரிக்கையைக் காட்டிட்டு நின்னுடும். தரையில மானிட்டர் வை.

சேகர் மாமா: 24 இஞ்ச், ஐபிஎஸ் பேனல், அது பக்கவாட்டுல இருந்து பாத்தாலும் நல்லாத் தெரியற எல்சிடி வகை. டிஎன்ங்கற இன்னொரு வகை வேண்டாம், சாய்வாப் பாத்தா நிறம் செத்துடும். ஆபீஸ் மானிட்டர் 250, 300 நிட்ஸ்தான் இருக்கும் (நிட்ஸ்னா திரை வெளிச்சத்தோட அளவு), ராத்திரிக்குப் போதும். வெளிச்சம் இருக்கும்போதே ஷோ ஆரம்பிச்சா 1000 நிட்ஸுக்கு மேல வேணும், பளபளக்காத மேட் ஃபினிஷ், மேல ஒரு கறுப்பு மறைப்பு.

அருண்: எந்த கோணத்துல வைக்கறது மாமா?

சேகர் மாமா: கண்ணு தரையில இருந்து 1.6 மீட்டர் உயரம்னு வச்சுக்க. ஸ்கிரீன் காலுக்கு ஒன்றரை மீட்டர் முன்னாடி. அப்போ சுமார் 45 டிகிரி சாய்ச்சா நேரா கண்ணைப் பாக்கும். கண்ணுக்கும் ஸ்கிரீனுக்கும் 2.2 மீட்டர் தூரம் வரும். அவர் இன்னும் 4 மீட்டர் பின்னால போனா அந்தத் தூரம் 5.7 ஆயிடும், எழுத்து பாதிக்கும் கீழ சின்னதாத் தெரியும். அதனால எழுத்து அளவை அவர் நிக்கிற கடைசி இடத்துல இருந்து பாத்து முடிவு பண்ணு, மைக் கிட்ட இருந்து இல்ல.

மீனா சித்தி: நான் பாட்டு சொல்லிக் கொடுக்கறவளாச் சொல்றேன். ஸ்கிரீனைக் காலுக்கு ரொம்பக் கிட்ட வைக்காதீங்க. தலை குனிஞ்சா தாடை நெஞ்சோட ஒட்டும், தொண்டை இறுகும், மேல் ஸ்தாயி வராது. வாயும் மைக்கோட நேர்க்கோட்டுல இருந்து விலகும்.

சேகர் மாமா: அதேதான் சித்தி. மிக்ஸர்ல கேட்டா குரல் திடீர்னு மெலிஞ்சு போகும், எஞ்சினியர் மைக்கைச் சந்தேகப்படுவார். காரணம் ஸ்கிரீன்தான்.

மீனா சித்தி: ஆனா ஒண்ணு கேக்கறேன். காசு குடுத்து வர்றவங்க முன்னாடி பாத்துப் படிக்கறது சரியா? அயர்ன் மெய்டன் ராக் பேண்டோட பாடகர் புரூஸ் டிக்கின்சனே இதை வெளிப்படையா எதிர்த்தவர்.

கவிதா அக்கா: எதிர்த்தார், அவர் பக்கமும் நியாயம் இருக்கு சித்தி. ஆனா அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனைப் பாருங்க. ரசிகர்கள் அட்டையில எழுதிக் காட்டற பாட்டை அங்கேயே எடுத்துப் பாடறவர், அவருக்கும் ப்ராம்ப்டர், அதாவது இந்த மாதிரி வரி காட்டற திரை, உண்டு. 50 வருஷப் பாட்டு அத்தனையும் எந்த நேரமும் வாய்ல நிக்கணும்னு எதிர்பாக்கறது அநியாயம். ராக் பாடகர் ஆஸி ஆஸ்போர்னும் வச்சிருந்தார். ஆரம்பத்துல பாட்டுக்காக வந்த சாதனமும் இல்ல இது. 1950 வாக்குல அமெரிக்க டிவி நடிகர்களுக்காக வந்தது, மோட்டார்ல சுத்தற காகிதச் சுருள்.

கவிதா அக்கா: பாடகர் மறக்கறது பெரும்பாலும் பாட்டு முழுசையும் இல்ல. ரெண்டாவது சரணத்தோட முதல் சொல்லு. முதல் சரணமும் ரெண்டாவதும் ஒரே மெட்டு, அதனால மெட்டு வந்ததும் நாக்கு தப்பான வரியைப் பிடிச்சுக்கும். அந்த முதல் சொல்லு கிடைச்சாப் போதும், மீதி தானா வரும். அதனால ஒவ்வொரு சரணத்தோட முதல் ரெண்டு சொல்லையும் தடிச்ச எழுத்துல மஞ்சளாப் போடு. மத்தது வெள்ளை. பின்னணி கறுப்பு. வெள்ளைப் பின்னணி போட்டா அந்த வெளிச்சம் கீழ இருந்து தாடையில அடிக்கும், கேமரா பிடிச்சுடும்.

மீனா சித்தி: இது ஏத்துக்கற மாதிரி இருக்கு. எட்டிப் பாக்கத்தான், படிக்க இல்ல.

அருண்: வரியை எப்படி உடைக்கறதுக்கா?

கவிதா அக்கா: மூச்சு விடற இடத்துல உடை. கமா, முற்றுப்புள்ளியைப் பாக்காத. 24 இஞ்ச்ல அகலம் 53 செ.மீ., உயரம் 30. ஒரு திரைக்கு 6 வரி, எழுத்து கிட்டத்தட்ட 3 செ.மீ. வரும். தமிழ் எழுத்து அகலம் ஜாஸ்தி, ஒரு வரிக்கு 3 சொல்லு தாண்டாது. கோரஸ் திரும்ப வந்தா திரும்பவும் முழுசா டைப் பண்ணு. "கோரஸ் 2 தடவை"ன்னு எழுதினா அவர் மேல தேடுவார், அதுக்குள்ள அந்த இடம் போயிடும். சோலோ வந்தா "கிட்டார் 16 பார்"னு தனித் திரை, பார்னா ஒரு தாளச் சுற்று.

கவிதா அக்கா: அப்புறம் ஸ்க்ரோல் வேண்டாம், பக்கம் பக்கமா மாத்து. ஓடற எழுத்தைக் கண்ணு துரத்திட்டே இருக்கும், பாக்கறவங்களுக்குத் தெரிஞ்சுடும். நிக்கற எழுத்தை ஒரு நொடி பாத்துட்டு ஜனங்களைப் பாக்கலாம். ஒவ்வொரு பக்கத்தோட கடைசி வரியை அடுத்த பக்கத்துல முதல் வரியா சாம்பல் நிறத்துல திரும்பப் போடு. கடைசி வரி பாட ஆரம்பிச்சதும் பக்கம் மாறணும், முடிச்சப்புறம் இல்ல.

அருண்: தமிழ் ஃபைல் போட்டுப் பாத்தேன். கொம்பு எழுத்துக்குப் பின்னாடி போய் நிக்குது.

கவிதா அக்கா: அந்த சாஃப்ட்வேர் தமிழ் எழுத்தைச் சேக்கத் தெரியாதது. ஃபைல் பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல இருந்தா முதல்ல யூனிகோடுக்கு மாத்து, நோட்டோ சான்ஸ் தமிழ் போடு. அப்பவும் உடைஞ்சா ஒவ்வொரு பக்கத்தையும் படமா எடுத்து ஸ்லைடு மாதிரி ஓட்டு. படம் எங்கயும் உடையாது.

அருண்: பக்கம் மாத்தறதை, பாட்டோட ஓடற ரெக்கார்டட் டிராக்கோட சேத்துடலாமா? டிராக்கை ஓட்டற ஏபிள்டன் சாஃப்ட்வேர்ல இருந்து மிடி சிக்னல் அனுப்பினா?

சேகர் மாமா: அனுப்பலாம். ஆனா எந்தப் பாட்டுன்னு சொல்ற மிடி எண், அதாவது ப்ரோகிராம் சேஞ்ச் எண், ஒரு சாஃப்ட்வேர்ல 0 முதல் 127, இன்னொண்ணுல 1 முதல் 128. ரெண்டும் வேற வேறயா இருந்தா ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்துப் பாட்டோட வரி வரும். ஃபைல் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு ராத்திரி முழுக்கத் தேடுவீங்க. டைம்கோட்னா, அதாவது டிராக்கோட ஓடற கடிகார சிக்னல்னா, ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு மணி: முதல் பாட்டு 01:00:00:00, ரெண்டாவது 02:00:00:00. மணி 23-ஓட முடியுது, உன் 22 அடங்கிடும்.

கவிதா அக்கா: இதை மட்டும் நம்பி விடாதே தம்பி. கிளிக் (காதுல வர்ற தாள டிக் டிக்) இல்லாத பாட்டு, கூட்டம் பாடறதுக்காக நீட்டற பாட்டு, திடீர்னு ஒரு சரணத்தைத் தாண்டற பாட்டு, எல்லாத்துலயும் டைம்கோட் தன் பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும். தப்பான வரி காட்டற ஸ்கிரீன், ஸ்கிரீன் இல்லாததை விட மோசம். ஆள் வை. அவர் மேடையோட பக்கவாட்டுல, பாடகர் வாயைப் பாக்கற இடத்துல உக்காரணும். காதுல வோக்கல் தனியா வரணும். அவர் டிராக்கைத் தொடரக் கூடாது, பாடகரைத் தொடரணும். எந்தப் பாட்டுக்கும் எகிறிப் போக அகர வரிசைப் பட்டியல் பக்கத்துலயே இருக்கட்டும், சைடுல இருந்து கேக்கற பாட்டு 5 நொடிக்குள்ள திரையில வரணும்.

அருண்: ஆள் இருக்கார்கா. கீபோர்டுக்கு மாத்தி மாத்தி வாசிக்கற பையன், எல்லாப் பாட்டும் தெரியும்.

கவிதா அக்கா: அது போதும். ஒத்திகையிலயே உக்கார வை, ஷோ அன்னைக்கு முதல்முறையா வேண்டாம்.

அருண்: கேபிள்? ஸ்கிரீன்ல இருந்து அந்தப் பையன் உக்கார்ற இடத்துக்குக் கேபிள் 25 மீட்டர் ஓடணும்.

சேகர் மாமா: 25 மீட்டருக்கு சாதாரண எச்டிஎம்ஐ நம்பாதே. 10 மீட்டர் தாண்டினா மின்னும், கறுக்கும். அதுக்குப் பூட்டும் இல்ல, சப்வூஃபர் அதிர்வுல தளர்ந்து கழண்டுடும். தூரத்துக்கு வீடியோ கொண்டு போற எஸ்டிஐ கேபிளுக்கு மாத்து, ரெண்டு முனைலயும் கன்வெர்ட்டர். அதோட பிஎன்சி பிளக் திருகி நிக்கும். மானிட்டர் பக்கம் மட்டும் அரை மீட்டர் எச்டிஎம்ஐ, அதை கேஃபர் டேப், அதாவது மேடைத் துணி டேப், போட்டு ஒட்டிடு. லேப்டாப்புக்கும் கன்வெர்ட்டருக்கும் ஒரு சின்ன யூபிஎஸ், லைட் டிம்மர் லைன்ல இருந்து எடுக்காத. லேப்டாப்ல ஸ்லீப், ஸ்கிரீன்சேவர், நோட்டிஃபிகேஷன் எல்லாத்தையும் அணைச்சுடு. பாட்டு நடுவுல வங்கி மெசேஜ் திரையில வரக் கூடாது.

மீனா சித்தி: அவர் ரெண்டு பக்கமும் ஓடறவரா அருண்?

அருண்: ஆமா சித்தி, நிக்கவே மாட்டார்.

சேகர் மாமா: அப்போ நடுவுல ஒண்ணு, ரெண்டு ஓரத்துலயும் ஒண்ணு. எஸ்டிஐ ஸ்ப்ளிட்டர் ஒண்ணு போதும், மூணுலயும் ஒரே படம். புகை மெஷின் எண்ணெய் திரையில படியும், சவுண்ட் செக் முடிஞ்சதும் துடைக்க ஒரு ஆளைச் சொல்லி வை.

கவிதா அக்கா: இன்னொண்ணு, கூலிங் கிளாஸ் போடறாரா?

அருண்: போடறார்கா. ஏன்?

கவிதா அக்கா: போலரைஸ்டா, அதாவது கூசற ஒளியை வடிகட்டற வகையா, இருந்தா எல்சிடி சில கோணத்துல முழுக்கக் கறுப்பாத் தெரியும். எந்தக் கோணம்னு பேனலைப் பொறுத்தது. அவர் போடப் போற அதே கண்ணாடியைப் போட்டு, தலையைச் சாய்ச்சுப் பாக்கச் சொல்லு, மூணு திரையிலயும். கறுத்தா கண்ணாடியைத்தான் மாத்தணும்.

அருண்: நாளைக்கு மத்தியானமே பாத்துடறேன். பாட்டு ஃபைல் எல்லாம் இன்னைக்கு ராத்திரி உங்களுக்கு அனுப்பறேன்கா, மூச்சு இடம் சரியான்னு சொல்லுங்க.

மீனா சித்தி: எனக்கும் அனுப்பு. மூச்சு இடம் நான் பாக்கறேன்.