சென்சரை நானே துடைக்கலாமா? நிக்கான் டி7200, வானத்தில் புள்ளிகள்

உப்பளத்தான் (தூத்துக்குடி)

வணக்கம். என்னிடம் இருப்பது நிக்கான் டி7200, கைமாறி வந்த கேமரா. உப்பளங்களில் வீடியோவும் டைம்லாப்ஸும் எடுக்கிறேன். பாத்தியில் வெயில் பளீரென்று அடிப்பதால் அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 22 வரை சுருங்கிவிடுகிறது. வானத்தின் இடது மேல் மூலையில் ஏழெட்டுப் புள்ளிகள் கொத்தாக இருக்கின்றன, நடுவில் நூல் மாதிரி ஒரு வளைந்த கோடு. லென்ஸை மாற்றிப் பார்த்தேன், அதே இடத்தில் அதே புள்ளிகள். மெனுவில் இருக்கும் தானியங்கிச் சுத்தத்தையும் ஓட்டியாயிற்று. நூல் போய்விட்டது, புள்ளிகள் அசையவில்லை.

இங்கே ஒரு கடையில் கேட்டால் சென்னைக்கு அனுப்ப வேண்டும், வர எத்தனை நாளாகும் என்று சொல்ல முடியாது என்கிறார்கள். உப்பு வாரும் சீசனில் கேமராவை விட்டுப் பிரிய மனசில்லை. நானே செய்யலாமா? என்ன வாங்க வேண்டும்? கீறல் விழுந்துவிடுமோ என்றுதான் பயம்.

மூன்றாம்பிறை

எடிட்டிங்கில் புள்ளி அழிக்கும் ஹீலிங் பிரஷ்ஷை வைத்து இரண்டு தட்டு தட்டினால் போய்விடும். இதற்கு ஏன் கேமராவைக் குடைய வேண்டும்?

உப்பளத்தான்

போட்டோ என்றால் சரி. நான் எடுப்பது வீடியோ. மேகம் நகருகிறது, புள்ளி மட்டும் நகராமல் நிற்கிறது. பார்ப்பவர் கண் அங்கேயேதான் போகிறது.

நிழற்பெட்டி (மதுரை)

கல்யாண சீசனில் எங்கள் ஸ்டுடியோவின் எல்லா கேமரா பாடியும் என் மேசைக்குத்தான் வரும் தம்பி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் துடைக்கப்போவது சென்சரை இல்லை, அதன் முன்னால் இருக்கும் கண்ணாடி ஃபில்டரை. டி7200-இல் லோ பாஸ் ஃபில்டர் (நுண்ணிய கோடுகளை லேசாக மழுக்கும் அடுக்கு) கிடையாது என்றாலும் இந்தக் கண்ணாடி அடுக்கு உண்டு. கீறல் விழுமா என்றால், மணல் துகள் ஒட்டியிருக்கும்போதே அதன் மேல் துடைக்கும் குச்சியை இழுத்தால் கண்டிப்பாக விழும். ஊதாமல் துடைக்கக் கூடாது என்பதற்கு அதுதான் காரணம்.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி. எஃப் 22 எதற்கு? தூசி கண்ணாடியின் மேல் இருக்கிறது, பிக்சல்கள் அதற்குக் கொஞ்சம் பின்னால் இருக்கின்றன. டியூப்லைட் வெளிச்சத்தில் கையை நீட்டினால் நிழல் கலங்கலாக விழும், மொபைல் டார்ச்சில் விளிம்பு தெறித்தாற்போல் விழும். சின்ன அபெர்ச்சர் அந்த டார்ச் மாதிரி. 1/50 ஷட்டரில் வெயிலைச் சமாளிக்கத்தான் எஃப் 22 வைக்கிறீர்கள். லென்ஸில் ஒரு என்டி8 ஃபில்டரை (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) மாட்டினால் வெளிச்சம் மூன்று ஸ்டாப், அதாவது எட்டில் ஒரு பங்காகக் குறைந்து, எஃப் 8-க்கு வந்துவிடலாம். புள்ளிகளில் பாதி அங்கேயே மங்கிவிடும். எஃப் 22-இல் டிஃப்ராக்‌ஷனால் படம் மழுங்குவதும் நிற்கும். குச்சி வாங்கும்போது இதையும் சேர்த்து வாங்குங்கள்.

இப்போது வேலைக்கு வருவோம். ஐஎஸ்ஓ 100, எஃப் 22, மேனுவல் ஃபோகஸை இன்ஃபினிட்டியில் வைத்து, கம்ப்யூட்டர் திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து கிட்டத்தில் இருந்து எடுங்கள். எடுக்கும்போது கேமராவை வேண்டுமென்றே ஆட்டுங்கள். திரையின் கோடுகள் கலைந்துவிடும், தூசி மட்டும் நிற்கும். லைட்ரூம் இருந்தால் 'விஷுவலைஸ் ஸ்பாட்ஸ்' போட்டுப் பாருங்கள். பார்த்ததும் வயிற்றைக் கலக்கும். எல்லாருடைய கேமராவும் அப்படித்தான் இருக்கும், கண்டுகொள்ளாதீர்கள். இன்னொன்று, பிம்பம் தலைகீழாக விழுவதால், படத்தில் இடது மேல் மூலையில் இருப்பது, கேமராவை எதிரே வைத்துப் பார்க்கும்போது இடது கீழ் மூலையில் இருக்கும்.

பேட்டரியை முழுக்க சார்ஜ் செய்யுங்கள். செட்டப் மெனுவில் 'லாக் மிரர் அப் ஃபார் க்ளீனிங்' என்று இருக்கும். சார்ஜ் குறைவாக இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. அதைப் போட்டுவிட்டு ஷட்டர் பட்டனை அழுத்தினால் சென்சருக்கு முன்னால் இருக்கும் மிரர் மேலே போய் நிற்கும். இடையில் சார்ஜ் இறங்கினால் பீப் சத்தம் வந்து டைமர் விளக்கு மினுக்கும். அதன்பின் சுமார் இரண்டு நிமிடத்தில் மிரர் இறங்கிவிடும். சத்தம் கேட்டால் கையில் இருப்பதை உடனே வெளியே எடுத்துவிடுங்கள். பல்ப் மோடில் (பட்டனை அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும்) வைத்துச் செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். விரல் வழுக்கினால் ஷட்டர் திரை குச்சியின் மேல் மூடும். அது மெல்லிய தகடு, மடங்கினால் செலவு உங்களுடையது.

மின்விசிறியை நிறுத்துங்கள். கேமராவின் வாய் கீழே பார்க்கட்டும். ரப்பர் ப்ளோயரை முதலில் வெளியே நாலைந்து முறை அழுத்திவிட்டு, நுனி உள்ளே போகாமல் கீழிருந்து ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். ஸ்ப்ரே டப்பா காற்றிலோ உந்துவாயு திரவமாகவே பீறிட்டுக் கண்ணாடியில் கறையாக உறையும். ஊதி முடித்ததும் மறுபடி ஒரு சோதனைப் படம் எடுங்கள். அதிலேயே திருப்தி என்றால் மூடி வைத்துவிடுங்கள். ஈரம் தொட வேண்டிய அவசியமே இல்லை.

போகவில்லை என்றால் ஈரக் குச்சி. உங்கள் சென்சர் 23.5 x 15.6 மி.மீ., ஆகவே 16 மி.மீ. குச்சி சரியாக உயரம் முழுவதையும் அடைக்கும். 24 மி.மீ. குச்சி பெரிய சென்சர் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவுக்கானது, உங்களுக்கு ஆகாது. சென்சருக்கென்றே விற்கும் திரவத்தில் இரண்டு சொட்டு, நுனியில். சொட்டச் சொட்ட நனைத்தால் ஓரத்தில் தேங்கிக் காயும்போது வளையம் விழும். குச்சியைக் கொஞ்சம் சாய்த்து, பேனாவால் எழுதும் அளவுக்கு மட்டும் அழுத்தி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிறுத்தாமல் ஒரே இழுப்பு. அங்கே குச்சியின் மறுபக்கத்தைத் திருப்பி அதே பாதையில் திரும்பி வாருங்கள். அவ்வளவுதான், அந்தக் குச்சி குப்பைக்கு. நன்றாகத்தானே இருக்கிறது என்று இன்னொரு தரம் இழுக்கத் தோன்றும், இழுக்காதீர்கள். அள்ளிய தூசி அதில்தான் இருக்கிறது.

மருந்துக்கடை ஸ்பிரிட், காது குடையும் பஞ்சு, கண்ணாடி துடைக்கும் துணி மூன்றும் வேண்டாம். ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கும், கோடு விழும்.

உங்கள் புள்ளிகள் சரியான வட்டமாக, ஓரத்தில் லேசான வெளிச்ச வளையத்தோடு இருந்தால் அது தூசி இல்லை, ஷட்டரிலிருந்து தெறித்த எண்ணெயாக இருக்கலாம். எவ்வளவு ஊதினாலும் போகாது. 2012-இல் வந்த நிக்கான் டி600-இல் இது பெரிய சிக்கலாகி, 2014-இல் நிக்கானே இலவசமாக ஷட்டரை மாற்றித் தந்தது. ஆகவே புள்ளி விழுந்தாலே வைத்திருப்பவர் கவனக்குறைவு என்று அர்த்தமில்லை.

பூநாரை (நாகப்பட்டினம்)

நிழற்பெட்டி சொன்னதோடு எனக்கு ஒரே ஒரு இடத்தில்தான் ஒத்துப்போகவில்லை. ஊதியதும் நேராக ஈரத்துக்குப் போகாமல் நடுவில் ஜெல் குச்சியை முயன்று பாருங்கள். நுனியில் பிசுபிசுப்பான சின்னத் தலை இருக்கும். ஒற்றி ஒற்றி எடுத்து, அதனுடன் வரும் ஒட்டுத்தாளில் தட்டினால் தூசி தாளுக்குப் போய்விடும். பென்டாக்ஸ் இதற்கென்றே ஒன்று விற்கிறது. மலிவான நகல்களை வாங்காதீர்கள், பிசின் கண்ணாடியிலேயே தங்கும்.

கோடியக்கரையில் எனக்கும் உங்கள் பிரச்சினைதான். உப்புத் துகள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து அப்படியே காய்ந்து ஒட்டிக்கொள்ளும். அதற்கு ஜெல்லும் பலிக்காது, ஈரக் குச்சிதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். லென்ஸ் மாற்றுவதைப் பாத்தி வரப்பில் நின்று செய்யாதீர்கள். வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கேமராவை அணைத்து, வாயைக் கீழே பார்க்க வைத்து மாற்றுங்கள்.

மிரர்லெஸ் (மிரர் இல்லாத கேமரா) வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: பாடியில் கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசர் இருந்தால் சென்சர் மிதந்துகொண்டிருக்கும், இன்னும் மெதுவாகத் தொட வேண்டும்.

நிழற்பெட்டி

ஜெல் குச்சி எனக்குக் கைவரவில்லை மேடம், ஆனால் அதில் தவறில்லை. தம்பி எதில் கை நடுங்காதோ அதில் செய்யட்டும்.

உப்பளத்தான்

அண்ணாச்சி, செய்துவிட்டேன். ஊதியதிலேயே பாதி போய்விட்டது. மீதி வட்டம்தான், நீங்கள் சொன்ன மாதிரி வளையத்தோடு. ஈரக் குச்சி இழுத்ததும் கொத்து முழுக்கக் காணோம். வலது ஓரத்தில் மட்டும் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. பூநாரை அக்காவுக்கும் நன்றி, இனி லென்ஸ் மாற்றுவது காருக்குள்தான்.

ஒரு சந்தேகம். வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தால் நடுவே ஒரு கறுப்புத் துகள் தெரிகிறது. சோதனைப் படத்தில் அது இல்லை. அதையும் துடைக்கவா?

நிழற்பெட்டி

வேண்டாம். அது ஃபோகஸிங் ஸ்க்ரீனில் இருக்கும் தூசி, மிரருக்கு மேலே. படத்தில் வராது. அந்த ஸ்க்ரீன் பிளாஸ்டிக், ஃபில்டர் கண்ணாடியைவிடச் சுலபமாகக் கீறும், திரவம் பட்டால் கறை போகாது. வேண்டுமானால் ப்ளோயரில் இரண்டு ஊது ஊதுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வலது ஓரப் புள்ளிக்காக இன்னொரு குச்சியை வீணாக்காதீர்கள். என்டி ஃபில்டர் வாங்கினீர்களா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.