1:600 அளவில் சிரியஸ்: நூலேணி மட்டும் கறுத்துப் போகிறது

மொரிஷியஸ் தீவின் மாஹேபூரிலிருந்து எழுதுகிறேன். 1810 ஆகஸ்டில் இங்கே கிராண்ட் போர்ட் துறைமுகச் சண்டையில் தரைதட்டி, சொந்த மாலுமிகளே தீ வைத்த ஆங்கிலேயப் போர்க்கப்பல் சிரியஸை 1:600 அளவில் பக்கவாட்டில் வரைகிறேன். பீரங்கித் தளத்தின் நீளம் சுமார் 45 மீட்டர், தாளில் 7.5 செ.மீ. உடல்பகுதி சரியாக வந்துவிட்டது.

சிக்கல் பாய்மரத்து நூலேணியில்தான். படிக்குப் படி நிஜத்தில் ஒன்றேகால் அடி என்றால் தாளில் 0.6 மி.மீ. என் பேனாக் கோடே 0.2 மி.மீ.; கணக்குப்படி 12 செ.மீ. பருமன் கயிறு! அதில் யானையைத்தான் கட்டலாம்.

ஜூனிலிருந்து மல்லுக்கட்டுகிறேன். 4எச் பென்சில் கை பட்டதும் மங்குகிறது. தண்ணீர் கலந்த மை தாளில் பரவுகிறது. இரட்டிப்பாக வரைந்து சுருக்கி அச்சிட்டால் கோடு விட்டுவிட்டு வருகிறது.

இந்த அளவில் வரைந்தவர்கள் படிகளில் ஒன்றுவிட்டு ஒன்று வரைவீர்களா, இல்லை வெறும் சாம்பல் பூச்சாக விட்டுவிடுவீர்களா?