கெம்னிட்ஸில் படிக்க வரலாமா? ஏஎஃப்டி பற்றி அங்கே இருப்பவர்களிடம் ஒரு கேள்வி

கோவைப்பையன்:
வணக்கம். கிழக்கு ஜெர்மனியில் இருக்கும் கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலையில் மாஸ்டர்ஸ் சீட் கிடைத்திருக்கிறது. அக்டோபரில் கிளம்ப வேண்டும். அப்பா 2018-ல் அங்கே வெளிநாட்டவருக்கு எதிராக நடந்த கலவர வீடியோக்களை யூடியூபில் பார்த்துவிட்டு "அந்த ஊரே வேண்டாம்" என்கிறார். 2025 பிப்ரவரி நாடாளுமன்றத் தேர்தலில், குடியேற்றத்தை எதிர்க்கும் வலதுசாரிக் கட்சியான ஏஎஃப்டி 20.8 சதவீதம் வாங்கி இரண்டாவது இடத்துக்கு வந்ததாகப் படித்தேன். கிழக்கு மாநிலங்களில்தான் அவர்களுக்கு ஓட்டு அதிகம். அங்கே வெளிநாட்டவர் குறைவு என்றும் சொல்கிறார்கள். ஆளே இல்லாத இடத்தில் ஆள்மேல் எப்படிக் கோபம் வரும்?

மூணாவது செமஸ்டர்:
நான் கெம்னிட்ஸில்தான் இருக்கிறேன். ஒரே ஒரு தடவை, ராத்திரி டிராமில் ஒருத்தன் குடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கத்தினான். அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்தே போனேன். மற்றபடி வகுப்பு, நூலகம், சமையல்.

1990 வரை இந்த ஊருக்குப் பெயரே கார்ல் மார்க்ஸ் ஸ்டாட். மார்க்ஸின் தலை மட்டும் 7 மீட்டர் உயரச் சிலையாக இன்னும் நிற்கிறது, உள்ளூர்க்காரர்கள் "நிஷல்" என்பார்கள். 2025-ல் இந்தத் தொகுதியில் ஜெயித்தவர் ஏஎஃப்டியின் கௌலாண்ட், 40 வருஷம் சிடியு என்ற பழமைவாதக் கட்சியில் இருந்தவர். என் வீட்டு ஓனரம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. பெர்லின் சுவர் விழுந்த கதை கேட்டால் சந்தோஷமாக ஆரம்பிப்பார், அப்புறம் தான் வேலை பார்த்த ஆலையை மூடியதில் வந்து நிற்பார். இரண்டு பிள்ளைகளும் மேற்கே போய்விட்டார்கள். நம்மைப் போன்றவர்கள் வந்ததைவிட அவர்கள் பிள்ளைகள் போனதுதான் பெரிசு என்று எனக்குத் தோன்றும்.

ரூர்க்காரன்:
தம்பி, கிழக்கை மட்டும் பார்த்தால் பாதிதான் விளங்கும். நான் 1987 இலிருந்து கெல்சன்கிர்ஷனில இருக்கிறன். மேற்கு ஜேர்மனி, நிலக்கரி ஊர். "ஆயிரம் நெருப்புகளின்ர ஊர்" எண்டு ஒரு காலத்தில பேர். நான் வரேக்கை ஹூகோ சுரங்கம் ஓடிக்கொண்டிருந்தது, 2000 இல மூடிச்சினம். 2008 இல கடைசிச் சுரங்கமும் போட்டுது.

பெப்ரவரி 23 வாக்கு எண்ணப் போனனான். சிட்டிசன் எடுத்த ஆக்களுக்கு நகரசபையில இருந்து கடிதம் வரும், சின்னக் காசும் தருவினம். ஆறு மணிக்கு வாக்களிப்பு முடிய, பெட்டியை மேசையில கவிழ்த்தம். சீட்டில இடப்பக்கம் கறுப்பு, வேட்பாளருக்கு. வலப்பக்கம் நீலம், கட்சிக்கு. நான் அடுக்கினன். எஸ்பிடி எண்ட மிதவாத இடதுசாரிக் கட்சியின்ர அடுக்கும் ஏஎஃப்டி அடுக்கும் பக்கத்தில பக்கத்தில ஒரே உயரத்துக்கு வளருது. பக்கத்தில இருந்த ரீச்சரம்மா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப்போட்டுத் திரும்பவும் பார்த்தா. கடைசியில எங்கட தொகுதி நீலப் பக்கத்தில ஏஎஃப்டி 24.7, எஸ்பிடி 24.1. இது எஸ்பிடியின்ர கோட்டை எண்டு சொல்லுற ஊர்!

எங்கட தெருவில ஏஎஃப்டிக்கு ஆர் போட்டது எண்டும் தெரியும். பனி கொட்டினால் என்ர வாசலையும் சேர்த்து வழிச்சு விடுற மனுசன். என்னட்டயே சொன்னவர். "உங்களை இல்லை" எண்டும் சொன்னவர்.

அப்ப ஆரை? ருமேனியா, பல்கேரியாச் சனத்தை. அவையள் அகதியே இல்லை, 2014 இலிருந்து ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி தடையில்லாமல் வேலைக்கு வரலாம். இடிஞ்சு விழுற வீடுகளைச் சல்லிக்கு வாங்கினவங்கள் ஒரு அறைக்குள்ள இத்தனை பேர் எண்டு அடைச்சு வாடகை எடுக்கிறாங்கள். வீட்டுக்காரன் எந்த ஊரில இருக்கிறானோ தெரியாது. தெருவில தெரியிறது குப்பையும் அந்தப் பிள்ளையளும்.

இன்னொண்டு. இந்தக் கட்சி அகதிகளுக்கு எதிராத் தொடங்கினதில்லை. 2013 இல பேர்ண்ட் லுக்க எண்ட பொருளாதாரப் பேராசிரியர், கிரீஸின்ர கடனுக்கு எங்கட காசு ஏன் எண்டு தொடங்கினவர். அந்த முறை தேர்தலில 4.7 சதவீதம், பாராளுமன்றத்துக்குப் போக வேணும் 5. 2015 ஜூலையில எங்களுக்குப் பக்கத்து எஸ்ஸனில நடந்த மாநாட்டில அவரையே தோற்கடிச்சுத் தலைமையைப் பறிச்சினம். அப்ப சான்சலரா இருந்த மெர்க்கல் அகதியளை உள்ள விட்டது அதுக்குப் பிறகு, செப்டெம்பரில. கட்சி ஏற்கெனவே அகதியளுக்கு எதிரான பக்கம் திரும்பியாச்சு. 2017 இல 12.6.

ஸ்டட்கார்ட் சிங்காரம்:
அண்ணா, நியாயமா பேசுவோம். புளூ கார்டுல (படிச்சவங்களுக்கான வேலை அனுமதி) வந்து வரி கட்டுற நம்மளை யாரு போகச் சொன்னா? திருட்டுத்தனமா வர்றவங்களைத்தான் சொல்றாங்க. அதுல தப்பு என்ன?

ரூர்க்காரன்:
அந்தத் திருட்டுத்தனமா வந்தவன் நான்தான் தம்பி. 1985 இல மொஸ்கோ வழியா கிழக்கு பேர்லின், ஷோனஃபெல்ட் விமான நிலையம். அங்கயிருந்து ஃபிரீட்ரிஷ்ஸ்ட்ராஸ ஸ்ரேசன், எஸ்-பான் ரெயில் ஏறினால் மேற்கு. இறங்கி அசூல், அதாவது அகதித் தஞ்சம், கேட்டனாங்கள். கனபேர் அப்பிடித்தான் வந்தவை. பொருளாதார அகதி எண்டுதான் அப்ப எங்களைச் சொன்னது.

1989 இல ரெபுப்ளிகானர் எண்டொரு வலதுசாரிக் கட்சி மேற்கு பேர்லினில 7.5 சதவீதம் எடுத்தது. பிறகு பெரிய கட்சியள் சேர்ந்து 1993 மே 26 அசூல் சட்டத்தை இறுக்கிச்சினம், அதோட சனம் அடங்கும் எண்டு. மூண்டு நாள் கழிச்சு, மே 29, சோலிங்கனில ஒரு துருக்கிக் குடும்பத்தின்ர வீட்டுக்கு நெருப்பு. அஞ்சு பேர் செத்தது, பெண்களும் பிள்ளையளும். அசூல் கேட்டு வந்த சனமில்லை, வரி கட்டின சனம். அண்டைக்குப் பிறகு ஒரு கிழமை எங்கட படிக்கட்டில வாளி வாளியாத் தண்ணி நிரப்பி வைச்சுப்போட்டு முறை மாறி முழிச்சிருந்தம். என்ர மகளுக்கு அப்ப ரெண்டு வயசு.

2025 ஜனவரியில ரீஸா மாநாட்டில ஏஎஃப்டித் தலைவி வைடல் மேடையில நிண்டு "ரெமிக்ரட்சியோன்" எண்டு சொன்னா. திருப்பி அனுப்புறது எண்டு அர்த்தம். பக்கத்து வீட்டு மனுசன் "உங்களை இல்லை" எண்டது மனசாரத்தான். ஆனால் ஆரை அனுப்புறது எண்ட பட்டியலை எழுதப்போறது அவர் இல்லையே.

சொல்ல விட்டிட்டன். 2025 செப்டெம்பரில மேயர் தேர்தல் இரண்டாம் சுற்றில ஏஎஃப்டி ஆள் எங்கட ஊரில தோத்தவர், மூண்டில ரெண்டு பங்கு எஸ்பிடிக்கு. ரீச்சரம்மாவை அண்டைக்கும் கண்டனான்.

கோவைப்பையன்:
எல்லோருக்கும் நன்றி. அப்பாவுக்கு முழுசாகப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ஹாஸ்டலில் ரூம் எத்தனையாவது மாடி?

மூணாவது செமஸ்டர்:
ஒதுக்கின பிறகுதான் தெரியும். எனக்கு முதலில் கிடைத்தது மூன்றாவது மாடி.