100 சிசி வண்டியில் போன பாதைகள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நாமக்கல்லிலிருந்து:

கொல்லிமலைக்கு நான் முதன்முதலில் போனது அப்பாவின் ஸ்பிளெண்டரில், பின்சீட்டில் உட்கார்ந்து. சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு பெரிய வண்டி ஒன்று வாங்கினேன். 400 சிசி, இரண்டு பக்கமும் பெட்டி, எடை 200 கிலோவுக்குப் பக்கம். எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை, வண்டியில் குறை ஒன்றும் இல்லை. காரவள்ளியிலிருந்து ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் அது சிரமமே இல்லாமல் ஏறியது.

பிரச்சினை மேலே போன பிறகுதான். செம்மேட்டைத் தாண்டி உள்ளே ஒரு மண்பாதை. ஐப்பசி மழை விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மேலே காய்ந்தது போலத் தெரிந்த செம்மண்ணுக்கு அடியில் வழவழவென்று சேறு. முன்சக்கரம் ஒரு பக்கம் இழுத்தது, வண்டி மெதுவாகச் சாய்ந்து படுத்துவிட்டது. எனக்கு அடி இல்லை. ஆனால் வண்டியைத் தூக்க முடியவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்துப் பார்த்தேன், முதுகைக் கொடுத்து நெம்பிப் பார்த்தேன். கொஞ்சம் எழும்பும், கால் சேற்றில் வழுக்கும், மறுபடியும் படுத்துவிடும். டேங்க் மூடி வழியாக பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. போனில் சிக்னல் இல்லை. நாற்பது நிமிடம் அப்படியே போனது.

அப்போது ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் வந்தது. ஒரு பெரியவரும் அவர் மகனும், முன்னால் இரண்டு வாழைத்தார். அதே சேற்றில்தான் வந்தார்கள். இரண்டு பேரும் காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே வந்து, வண்டியை நிறுத்தி, ஒன்றும் கேட்காமல் எனக்குக் கை கொடுத்தார்கள். மூன்று பேர் சேர்ந்துதான் நிமிர்த்த முடிந்தது. "இதை எதுக்குங்க இந்தப் பாதைக்குக் கொண்டாந்தீங்க?" என்று பெரியவர் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வருடம் அந்த வண்டியை விற்றேன். ஷெட்டில் நின்ற அப்பாவின் ஸ்பிளெண்டருக்கு கிளட்ச் பிளேட், செயின் செட், இரண்டு டயர் மாற்றினேன். 97.2 சிசி, நான்கு கியர், எடை 110 கிலோவை ஒட்டி. விழுந்தால் நான் ஒருவனே தூக்கிவிடலாம். அதற்குப் பிறகு எந்தப் பாதையைப் பார்த்தாலும் என் யோசனை மாறிவிட்டது. முன்பு "இது போகுமா, திரும்ப முடியுமா, யாராவது வருவார்களா" என்று கணக்குப் போடுவேன். இப்போது போய்ப் பார்க்கிறேன். முடியாவிட்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு திரும்பி வருகிறேன்.

இந்த இன்ஜினைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், எனக்குப் பிடித்த விஷயம். சிலிண்டர் கிட்டத்தட்டப் படுத்த வாக்கில் இருக்கும். ஓடும்போது காற்று நேராக ஹெட்டில் போய் மோதும். ஹோண்டா 1958இல் கொண்டுவந்த சூப்பர் கப் வண்டியின் வழியில் வந்த அமைப்பு இது. அந்த கப் வகை வண்டிகள் 2017இல் 10 கோடியைத் தாண்டின. நம் ஊரில் 1985இல் சிடி 100 வந்தது, 1994இல் ஸ்பிளெண்டர். இத்தனை வருடம் இத்தனை பேர் கையில் அடிபட்டுத் தேறிய இன்ஜின், அதை நம்பி ஏறலாம்.

சிறிய வண்டியில் நீங்கள் போன பாதை, சந்தித்த மனிதர்கள், மாட்டிக்கொண்டு மீண்ட இடம், எதுவானாலும் எழுதுங்கள்.

அந்தியூரிலிருந்து:

நான் கிராமச் சுகாதாரச் செவிலியர். என்னுடையது எக்ஸ்எல் 100. ஓசூரில் 1980இல் டிவிஎஸ் 50 வந்தது, எங்கள் வீட்டில் தாத்தா அதை வைத்திருந்தார். பெட்ரோலோடு டூ-டி ஆயில் கலந்து ஊற்றும் காலம் அது. 2015இல் வந்த நான்கு ஸ்ட்ரோக் எக்ஸ்எல்லில் அந்தக் கலவை வேலை இல்லை. புடவை கட்டிக்கொண்டு காலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, கியர் இல்லை, முன்னால் தட்டையான இடத்தில் தடுப்பூசிப் பெட்டியை வைத்துக் கட்டிவிடலாம். எனக்கு வேறு எந்த வண்டியும் இவ்வளவு பொருந்தவில்லை.

பர்கூர் மலையில் தாமரைக்கரைக்குப் போகும் ரோட்டில் ஒருநாள் காலை எட்டு மணி இருக்கும். ஒரு வளைவு திரும்பியதும் எதிரே யானை. கூடவே குட்டி. ஐம்பது அடி கூட இருக்காது. குட்டியோடு நிற்கும் யானை எப்படி நடந்துகொள்ளும் என்று மலையில் வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஹாரன் அடிக்கக் கூடாது, இன்ஜினை முறுக்கக் கூடாது. நான் சுவிட்சை அணைத்தேன். உட்கார்ந்தபடியே இரண்டு காலாலும் தரையை உந்தி உந்தி வண்டியைத் திருப்பினேன். 90 கிலோவுக்கும் குறைவான வண்டி, அந்தக் குறுகிய ரோட்டில் இரண்டே உந்தலில் திரும்பிவிட்டது. வந்தது ஏற்றம் என்பதால் திரும்பினால் இறக்கம். இன்ஜின் சத்தமே இல்லாமல் கீழே உருண்டு வந்தேன். அடுத்த வளைவில் பின்னால் வந்துகொண்டிருந்த பால் வண்டியைக் கை காட்டி நிறுத்தினேன். முக்கால் மணி நேரம் கழித்து யானை காட்டுக்குள் இறங்கிய பிறகு போனோம். பெட்டியில் ஐஸ் கரையவில்லை, அன்றைக்கு எல்லாக் குழந்தைகளுக்கும் ஊசி போட்டுவிட்டேன்.

கனமான வண்டியாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்னும் சில இரவுகளில் நினைத்துப் பார்க்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

செவிலியர் அக்கா எழுதியதை வாசித்ததும் அப்பாவின் ஹொண்டா சி 90 ஞாபகத்துக்கு வந்தது. 1990இல் சண்டை திரும்பத் தொடங்கினபிறகு எங்களுக்குப் பெற்றோல் வருவது நின்றுபோனது. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெயில் ஸ்டார்ட் ஆகாது. சின்ன மருந்துப் போத்தலில் பெற்றோல் வைத்திருப்பார் அப்பா. கார்புரேட்டருக்குள் சில துளி விட்டு உதைத்தால் பிடிக்கும். சூடேறினதும் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கும், வெள்ளைப் புகையோடு. பிளக் அடிக்கடி கரி பிடிக்கும். கழற்றித் துடைத்துப் பூட்ட அப்பாவுக்கு ஐந்து நிமிஷம் காணும். எனக்குப் பத்து வயசிலேயே பிளக் கழற்றத் தெரியும்.

ஆனையிறவுத் தரைவழியால் போக ஏலாத காலத்தில் கிளாலிக் கடல்நீரேரியால்தான் சனங்கள் கடந்தார்கள், இரவில், வள்ளங்களில். கடலில் துப்பாக்கிச் சூடு நடக்கும், எத்தனையோ பேர் வந்து சேரவில்லை. அம்மம்மா வன்னியில் சுகமில்லாமல் கிடந்தபோது நாங்கள் அந்த வழியால் போனோம். சி 90ஐ முழங்கால் தண்ணீரில் தள்ளிக்கொண்டுபோய், நாலு பேர் பிடித்து வள்ளத்தில் படுக்க வைத்தார்கள். நானும் தங்கச்சியும் அதன்மேல் சாய்ந்துகொண்டு இருந்தோம். அக்கரையில் இறக்கினபோது கார்புரேட்டருக்குள் உப்புத்தண்ணீர். இருட்டில், கைவிளக்கைத் துணியால் மூடிப் பிடித்துக்கொண்டு அப்பா அதைக் கழற்றித் துப்புரவாக்கினார். விடியமுன்னம் ஓடியது. அம்மம்மாவை உயிரோடு பார்த்தோம்.

2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் தந்தார்கள். என்னிடம் இப்ப இருப்பது 100 சிசி. கிளிநொச்சிக்குப் போய்வர 130 கிலோமீற்றர் வரும். அந்த 4 லீற்றரில் போய்வந்து, மிச்சத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டேன். அப்பா இருந்திருந்தால் மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுத்திருப்பார்.

சென்னையிலிருந்து:

எல்லோரும் நல்லதையே சொல்கிறீர்கள், எல்லாமே உண்மைதான். ஆனால் புதிதாக இதைப் படித்துவிட்டு யாராவது 100 சிசி வண்டியை எடுத்துக்கொண்டு ஜிஎஸ்டி ரோட்டில் இரவு கிளம்பிவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். நான் அப்படிக் கிளம்பினவன். செங்கல்பட்டைத் தாண்டியதும் ஒரு ஆம்னி பஸ் வலது பக்கம் உரசினாற்போல் போனது. அந்தக் காற்று முதலில் என்னைத் தள்ளியது, பஸ் கடந்ததும் உள்ளே இழுத்தது. 60இல் போகும் வண்டிக்கு நான்குவழிச் சாலையில் பாதுகாப்பான இடம் கிடையாது. ஹெட்லைட்டும் அந்த வேகத்துக்குப் போதாது. டிரம் பிரேக் அவசரத்துக்கு டிஸ்க் மாதிரி பிடிக்காது.

இப்போது நான் திருவண்ணாமலைக்கு உத்திரமேரூர், வந்தவாசி, சேத்துப்பட்டு வழியாகப் போகிறேன், விடிந்த பிறகு. நேரம் கூடுதல்தான். உத்திரமேரூரில் குடவோலைக் கல்வெட்டு இருக்கும் கோயிலில் அரைமணி நேரம் உட்காரலாம். வழியெல்லாம் ஏரி, களத்துமேடு. டீக்கடையில் நிறுத்தினால் என் வண்டியைப் பார்த்துவிட்டு யாராவது பேச்சைத் தொடங்குவார்கள், "என்ன மைலேஜ் கொடுக்குது?" என்றுதான் ஆரம்பிக்கும். நண்பனின் பெரிய வண்டியில் போனபோது சுற்றி நின்று பார்த்தார்களே தவிர யாரும் பேசவில்லை.

ஒரு கேள்வி, நாமக்கல் நண்பருக்கு. 70 வளைவு இறங்கும்போது டிரம் பிரேக் தாங்குகிறதா?

திண்டுக்கல்லிலிருந்து:

பட்டறை வைத்திருக்கிறேன், 22 வருடமாக. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

போன மார்கழியில் ஒரு கல்லூரிப் பையன் தன் ஸ்பிளெண்டரைத் தள்ளிக்கொண்டு வந்தான். சிறுமலை போய்விட்டு வரும் வழியில் நின்றுவிட்டதாம். அகலமான ஹேண்டில்பார், முட்டு முட்டான பெரிய டயர், முன்னால் நான்கு எல்இடி விளக்கு, போன் சார்ஜர். ஒயரிங்கை நாலைந்து இடத்தில் வெட்டி ஒட்டியிருந்தார்கள். அதில் ஒன்று ஃபிரேமில் உரசி ஷார்ட் ஆகியிருந்தது. நான் அந்த விளக்குகளைக் கழற்றி, பழைய ஒயரிங்கைச் சேர்த்தேன். அவனுடையது கார்புரேட்டர் காலத்து வண்டி, பாட்டரி சுத்தமாக இறங்கிப்போயிருந்தும் இரண்டாவது உதையில் பிடித்தது. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "இவ்வளவுதானாண்ணே?" என்றான். "இவ்வளவுதான் தம்பி, இதுக்குமேல போட்டதுதான் உன்னை நிறுத்திச்சு" என்றேன்.

பயணம் போகிறவர்களுக்கு நான் கொடுத்தனுப்புவது: ஒரு பிளக், ஒரு கிளட்ச் கேபிள், ஸ்போக் வீல் என்றால் ஒரு டியூப், பியூஸ் இரண்டு, கொஞ்சம் கட்டுக்கம்பி. கேபிளைப் பைக்குள் போடாதீர்கள், பழைய கேபிளோடு சேர்த்து இப்போதே ஓட்டிக் கட்டிவிடுங்கள், அறுந்தால் முனையை மட்டும் மாற்றினால் போதும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லை, ஊசியால் பெட்ரோல் பீய்ச்சுகிறது. நல்ல மைலேஜ், குளிரில் உடனே பிடிக்கும், மலை உயரத்தில் அடைக்காது. ஆனால் பெட்ரோல் பீய்ச்சவே மின்சாரம் வேண்டும் என்பதால் அதில் பாட்டரியைக் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நாமக்கல்லிலிருந்து, மறுபடியும்:

சென்னை நண்பரின் கேள்விக்கு முதலில் பதில். தாங்கும், நாம் ஒழுங்காக இறங்கினால். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும். எனக்குப் பெரும்பாலும் இரண்டாவது. இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கை ஒரேயடியாக அழுத்தாமல் விட்டு விட்டுத்தான் பிடிக்க வேண்டும். நியூட்ரலில் போட்டுவிட்டு பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பாதி மலையிலேயே பிரேக் சூடேறி லிவர் சும்மா போய்வரும். நாற்பதாவது வளைவுப் பக்கம் ஒருமுறை நிறுத்தி டிரம் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். அனல் அடித்தால் பத்து நிமிடம் இருங்கள்.

அப்புறம், முதலில் எழுதும்போது ஒன்றை விட்டுவிட்டேன். ஸ்பிளெண்டர் தயாரானதும் வைகாசியில் அந்தப் பெரியவரைத் தேடிக்கொண்டு போனேன். அதே மண்பாதை, இந்த முறை காய்ந்து கிடந்தது. வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. என்னை அடையாளம் தெரியவில்லை அவருக்கு, வண்டி படுத்த கதையைச் சொன்னதும் தெரிந்துகொண்டார். உட்காரச் சொல்லிவிட்டு பலா வெட்ட ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்து மகன் பரபரப்பாக வெளியே வந்தார். தங்கைக்குச் சேந்தமங்கலத்தில் ஏதோ சான்றிதழ் வாங்க வேண்டும், செம்மேட்டில் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும், எக்ஸ்எல்லை மாமா எடுத்துப் போயிருக்கிறார். என் வண்டியைப் பார்த்தார், கேட்கத் தயங்கினார். நான் சாவியை எடுத்துக் கொடுத்தேன். அவர் கியர் எப்படி, பிரேக் எங்கே என்று எதுவும் கேட்கவில்லை. ஏறி உட்கார்ந்து ஒரே உதை, தங்கை பின்னால் ஏறிக்கொண்டாள், போய்விட்டார்கள். அந்த 400 சிசி வண்டியாக இருந்திருந்தால் நான் சாவி கொடுத்திருப்பேனா தெரியாது, அவரும் வாங்கியிருக்க மாட்டார்.

முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். பஸ் கிடைத்துவிட்டது என்றார். பின் பிரேக் கொஞ்சம் தளர்ந்திருந்ததாம், செம்மேட்டிலேயே நட்டை முறுக்கிச் சரிசெய்துகொண்டு வந்திருந்தார். கிளம்பும்போது பின்சீட்டில் ஒரு முழுப் பலாப்பழத்தைச் சாக்கில் சுற்றி வைத்தார், அதன்மேல் சைக்கிள் டியூபால் மூன்று சுற்று இழுத்துக் கட்டினார். 70 வளைவு இறங்கி வீட்டுக்கு வந்து சேரும்வரை அது ஒரு விரற்கடை கூட நகரவில்லை.