மறு: 'வாஷ்அவுட்' – கழுவலா, வடிதலா, மங்கலா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கல்லீரல் புற்றுநோய்க் கையேட்டுக்காக, ஸ்கேன் ரிப்போர்ட்டில் வரும் 'வாஷ்அவுட்' (washout) என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தேன். கழுவல், வடிதல், வெளிறல் என்று மூன்று வந்திருக்கின்றன. மூன்றுமே எனக்கு இடிக்கின்றன.

ஸ்கேன் படத்தில் என்ன நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். கல்லீரலுக்குப் போகும் இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடல் பக்கமிருந்து வாயிற்சிரை வழியாகப் போகிறது. தமனி தருவது கால் பங்குதான். ஆனால் கல்லீரல் செல்லிலேயே தோன்றும் புற்றுக்கட்டி பெரும்பாலும் தமனியை நம்பித்தான் வளர்கிறது. கான்ட்ராஸ்ட் ஊசி (ரத்தம் போகும் இடத்தைப் படத்தில் வெளுப்பாகக் காட்டும் மருந்து) போட்டு அரை நிமிடம் தாண்டியதும் எடுக்கும் சிடி படத்தில், தமனி ரத்தம் குடிக்கும் கட்டி பளிச்சென்று தெரியும். சுற்றியுள்ள கல்லீரல் சாம்பலாகக் கிடக்கும். ஒரு நிமிடத்துக்குப் பிறகு வாயிற்சிரை வழியாகவும் மருந்து வந்து கல்லீரல் வெளுத்துவிடும். அப்போது அதே கட்டி சுற்றுப்புறத்தைவிடக் கறுப்பாகத் தெரியும். இதைத்தான் ரிப்போர்ட்டில் வாஷ்அவுட் என்று எழுதுகிறார்கள்.

சாதாரணக் குறிப்பு இல்லை இது. சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய்) அல்லது நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி உள்ளவரிடம், 1 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட கட்டி முதலில் ஒளிர்ந்து பிறகு இப்படி மங்கினால், பயாப்சி (ஊசியால் திசு எடுத்துச் சோதிப்பது) இல்லாமலே புற்றுநோய் என்று உறுதிசெய்ய, கல்லீரல் படங்களைத் தரம்பிரிக்கும் விதிமுறையான லை-ராட்ஸின் (LI-RADS) 2018 பதிப்பு இடம் தருகிறது. ஊசி குத்தாமல் படத்தை வைத்தே முடிவு சொல்லும் புற்றுநோய்கள் மிகச் சிலவே. அதனால் நோயாளி இந்தச் சொல்லைக் கட்டாயம் பார்ப்பார்.

இனி சொற்கள். வெளிறல் நேர் எதிர்ப்பொருள். கட்டி கறுக்கிறது, வெளிறவில்லை. கழுவல் என்றால் யாரோ கழுவிவிட்ட மாதிரி. லை-ராட்ஸ்காரர்களே இந்தச் சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டுத்தான் எழுதுகிறார்கள். வடிதல் கிட்டத்தட்ட வருகிறது, ஆனால் மருந்து வடிந்தது என்று அடித்துச் சொல்லிவிடுகிறது. கட்டி கறுப்பாகத் தெரிவதில் ஒரு பங்கு, பக்கத்துக் கல்லீரல் வெளுத்ததால் வருவது. எம்.ஆர்.ஐ.க்குப் போடும் கேடாக்ஸெட்டேட் மருந்தில் இது இன்னும் மோசம். கல்லீரல் செல்களே அந்த மருந்தை உள்ளே இழுத்து ஒளிர்வதால், சில நிமிடங்களில் கட்டியில் ஒன்றும் வடியாமலே அது கறுப்பாகத் தெரியலாம். அதனால்தான் அந்த மருந்தைப் போட்டால் வாயிற்சிரைக் கட்டப் படத்தை (அந்தச் சிரை வழியாக மருந்து வரும் நேரத்தில் எடுப்பதை) மட்டும் பார்த்து முடிவுசெய்யச் சொல்கிறார்கள். வடிதலை அட்ரீனல் சுரப்பிக் கட்டிகளுக்கு ஒதுக்கிவிடலாம். அங்கே எவ்வளவு மருந்து வெளியேறியது என்று சதவீதமாகவே கணக்கிடுகிறார்கள்.

என் முன்மொழிவு: கட்டி முதலில் பளிச்சிடுவது முன்னொளிர்வு, பிறகு கறுப்பது, அதாவது வாஷ்அவுட், பின்மங்கல். கண்ணில் பட்டதை மட்டும் சொல்கிறது, காரணம் சொல்லவில்லை. கூட்டுச்சொல்லுக்கும் வளைகிறது: 'விளிம்புப் பின்மங்கல்' என்றால் ஓரம் மட்டும் மங்குவது, அப்போது பித்தநாளப் புற்று போன்ற வேறொன்றைச் சந்தேகிக்க வேண்டும்.

சிகிச்சைச் சொற்களும் இதே தமனியிலிருந்து வரட்டும். கசகசா எண்ணெயில் அயோடின் ஏற்றிய லிப்பியோடாலில் புற்றுமருந்தைக் கலந்து, தமனி வழியே கட்டிக்குள் செலுத்தி, அப்புறம் அந்தத் தமனியை அடைப்பது 'மருந்தடைப்பு'. இது ஆயுளைக் கூட்டுகிறது என்று பார்சிலோனா, ஹாங்காங் ஆய்வுகள் 2002இல் காட்டின. கதிர்வீசும் இட்ரியம்-90 ஏற்றிய நுண்மணிகளை அனுப்புவது 'கதிரடைப்பு'. சரிதானா?

---

ஐயா, வணக்கம். இந்தத் துறையில் வேலை செய்பவள் என்பதால் இரண்டு வார்த்தை.

பின்மங்கலுக்கு என் ஓட்டு. ஆனால் ரிப்போர்ட்டில் 'கல்லீரலின் பின்பகுதி' என்றும் வரும். 'பின் மங்கல்' என்று பிரித்து எழுதினால் குழப்பம். சேர்த்தே எழுதுங்கள்.

கதிரடைப்பு மட்டும் வேண்டாம். அந்தக் கண்ணாடி மணிகள் 20 முதல் 30 மைக்ரான்தான். ரத்தவோட்டத்தைப் பெரிதாக அடைப்பதில்லை, அடைக்கவும் கூடாது. ஆக்சிஜன் குறைந்தால் கதிர்வீச்சின் வேலையும் குறையும். கொல்வது பீட்டா கதிர். திசுவுக்குள் சராசரி 2.5 மி.மீ. தூரம் போகும். 64 மணி நேரத்துக்கு ஒருமுறை வீரியம் பாதியாகும். 'கதிர்மணிச் சிகிச்சை' என்றால் நோயாளிக்கும் புரியும்.

இன்னொன்று. சிகிச்சைக்குப் பிறகு 'கட்டி அதே 4 செ.மீ.' என்று பார்த்துவிட்டுக் குடும்பமே அழுதுகொண்டு வருவதுண்டு. சிகிச்சைக்குக் கட்டி எவ்வளவு மசிந்தது என்று அளக்க 2010இல் வந்த எம்-ரெசிஸ்ட் (mRECIST) முறையில் மொத்த அளவு கணக்கில்லை. தமனிக் கட்டத்தில் ஒளிரும் பகுதியை மட்டும்தான் அளப்பார்கள். முன்னொளிர்வு போயிருந்தால் அந்த 4 செ.மீ. செத்த திசு. அதைக் கையேட்டில் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

---

நன்றி அம்மா. கதிர்மணியை எடுத்துக்கொள்கிறேன். அளவு பற்றிய குறிப்பை 'முன்னொளிர்வு' பதிவின் கீழேயே சேர்க்கிறேன். இலங்கை நண்பர்கள் தமனியை நாடி என்றும் சிரையை நாளம் என்றும் எழுதுவார்கள். இரண்டு வடிவமும் இருக்கும். அடுத்து மைக்ரோவேவ் ஊசியால் கட்டியைச் சுடுவதற்குச் சொல் வேண்டும். 'சுட்டழிப்பு' என்று ஒருவர் தனிமடலில் அனுப்பியிருக்கிறார். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.