தொழிலாளி வாழ்க்கையை யார் கண்ணால் பார்க்கிறோம்?

நண்பர்களே, உழைக்கும் மக்களைப் பற்றிய படங்களில் வர்க்க வேறுபாடு எப்படி வருகிறது என்று ஒரு கட்டுரை எழுதுகிறேன், உதவி வேண்டும். 1948இல் வந்த 'பைசிக்கிள் தீவ்ஸ்' என்ற இத்தாலியப் படத்தில் சுவரொட்டி ஒட்டும் அப்பாவாக நடித்த லாம்பெர்த்தோ மஜ்ஜொரானி நிஜத்திலேயே ஆலைத் தொழிலாளி, சைக்கிள் போனால் வேலையும் போய்விடும் என்ற பயம் அவர் நடையிலேயே தெரியும், அது சொல்லிக்கொடுத்து வருவதில்லை. ஆனால் படத்தை எடுத்த டி சிகா ஏற்கெனவே பெயர்பெற்ற நடிகர். அப்படியானால் படத்தில் இருப்பது யாருடைய பார்வை? இங்கேதான் சிக்கி நிற்கிறேன். பல படங்களில் தொழிலாளி பரிதாபத்துக்கு மட்டும்தான் வருகிறார். அவர் சிரிப்பதும் சங்கக் கூட்டத்தில் சண்டை போடுவதும் காணோம். அந்த வாழ்க்கையிலிருந்தே வந்தவர்கள் எழுதி இயக்கிய படங்கள் தெரிந்தால் சொல்லுங்கள். அப்புறம், எந்தக் காட்சி உங்களுக்கு உண்மையாகப் பட்டது என்று ஒரு வரி சேர்த்தால் ரொம்ப உதவியாக இருக்கும்.